உயரக் கண்ணாடித் தொட்டிக்கு எந்தப் பல்லி? காவிரிப் படுகை வீடுகளுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் மீன் தொட்டி இருந்த இடத்தில் உயரமான கண்ணாடிப் பெட்டிகள் நிற்பதை இப்போது பார்க்கிறேன். கொடி, பாசி, கிளை எல்லாம் வைத்து அழகாக அமைத்துவிட்டு, அதற்கப்புறம் "இதற்குள் எந்தப் பல்லியை விடலாம்?" என்று கேட்கிறார்கள். பெட்டியை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மன்னார்குடிப் பக்கத்தில் பல ஆண்டுகளாகப் பல்லி வளர்ப்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லோரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான்: சித்திரை மாதத்து மூன்று மணி வெயிலை மனத்தில் வைத்துப் பல்லியைத் தேர்ந்தெடுங்கள்.

உயரத் தொட்டி என்றால் எவ்வளவு உயரம்? எல்லாப் பல்லிக்கும் அது பொருந்துமா?

அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருப்பது உயரத் தொட்டி. 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் என்பது தொடக்க அளவு. 60, 45, 90 என்றால் இன்னும் நல்லது.

இது மரமேறிகளுக்கான வீடு. கடைகளில் அதிகம் காட்டப்படும் லெப்பர்ட் கெக்கோவும் பியர்டட் டிராகனும் தரைவாசிகள். லெப்பர்ட் கெக்கோவின் விரல்களில் நம் வீட்டுப் பல்லிக்கு இருப்பது போன்ற ஒட்டும் பட்டைகள் கிடையாது. கண்ணாடியில் ஏற முடியாது, உயரத்தில் ஏறினால் விழும். பியர்டட் டிராகனுக்கு ஓட நீளமான தரை வேண்டும். இவற்றை உயரத் தொட்டியில் விட்டால் அடியில் உள்ள ஒரு முழ இடம் மட்டுமே அவற்றுக்குப் பயன்படும். உங்களிடம் இருப்பது உயரத் தொட்டி என்றால் இந்த இரண்டையும் இப்போதே மறந்துவிடுங்கள்.

தோட்டத்து வேலியில் ஓணானும் பச்சோந்தியும் சும்மா திரிகின்றன. அவற்றையே பிடித்து வளர்த்தால் என்ன?

வேண்டாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த விஷயத்தில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். காட்டுயிராகப் பிறந்து வளர்ந்த ஓணான் கண்ணாடியில் மூக்கை மோதி மோதிப் புண்ணாக்கிக்கொள்ளும். அதன் குடலில் உள்ள புழுக்கள் வெளியில் இருக்கும்வரை பெரிய தொல்லை தருவதில்லை. அடைபட்ட அச்சத்தில் உடல் தளரும்போது அவை பெருகிவிடும்.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பச்சோந்தியையும் உடும்பையும் பாதுகாக்கிறது. உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. பிடித்து வைத்திருந்தால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. வயலில் அடிபட்ட பச்சோந்தி கிடைத்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். "பாவம், நாமே வளர்க்கலாம்" என்று தொட்டிக்குள் கொண்டுபோக வேண்டாம்.

டெல்டாவின் வெப்பம் அவ்வளவு பெரிய சிக்கலா? பல்லி வெப்பப் பிரதேசத்துப் பிராணிதானே?

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இதுதான். வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலை எல்லாம் தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்பது. நமக்குக் கவலை அப்படியே தலைகீழ். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மே மாதம் 38, 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் எண் சற்றுக் குறைந்தாலும் இரவிலும் புழுக்கம் விடாது.

பல்லி தன் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வியர்ப்பதும் இல்லை. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கு நகரும், போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். உயரத் தொட்டியின் சிறப்பே இங்குதான் இருக்கிறது. விளக்கு மேலே இருப்பதால் மேல் கிளை சூடாகவும், அடி மண் குளிர்ச்சியாகவும் இருக்கும். பல்லி ஏறி இறங்கித் தன் வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அறையே 36 டிகிரி ஆகிவிட்டால் இறங்குவதற்குக் குளிர்ந்த இடம் ஏது?

என் முதல் தொட்டியை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறையில் வைத்தேன். ஒரு சித்திரை மாதம், விளக்கையெல்லாம் அணைத்த பிறகும், அடித்தளத்தில் வைத்த வெப்பமானி 35.5 காட்டியது. பல்லி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தது. வாயைத் திறந்து மூச்சுவிடுவது அதற்குக் கடைசி வழி. அன்று மாலையே தொட்டியைக் கீழ்த்தளத்தில் வடக்குச் சுவரோரம் மாற்றினேன். அங்கே அதே வாரத்தில் 31க்கு மேல் ஏறவில்லை.

ஆகவே பல்லி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்: வெறும் தொட்டியை வைக்கப்போகும் இடத்தில் வைத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வெப்பமானிகளைப் பொருத்தி, ஒரு வாரம் மதியம் மூன்று மணிக்கு எழுதி வாருங்கள். இந்த வேலையைச் சித்திரையிலோ வைகாசியிலோ செய்வது உத்தமம். ஐப்பசியில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

கிரெஸ்டட் கெக்கோதான் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது என்று எங்கும் சொல்கிறார்களே?

அருமையான பிராணி, சந்தேகமில்லை. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவுகள் அதன் ஊர். அழிந்துவிட்டது என்று நினைத்திருந்ததை 1994இல் மீண்டும் கண்டுபிடித்தார்கள். பழப்பொடியைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் சாப்பிடும், 15 ஆண்டுக்கு மேலும் வாழும், உயரத் தொட்டி அதற்கென்றே செய்தது போல இருக்கும்.

ஆனால் அதற்கு வேண்டியது 22 முதல் 26 டிகிரி. 28க்கு மேல் தொடர்ந்து இருந்தால் வாடத் தொடங்கும். 30ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கும்பகோணத்தில் பங்குனி முதல் ஆவணி வரை இரவு பகல் ஏ.சி. ஓடும் அறையும், மின்சாரம் போனால் அந்த ஏ.சி.யையே தாங்கும் ஜெனரேட்டரும் உள்ள வீடுகள் எத்தனை? அந்த வசதி உள்ளவர்கள் வளர்க்கலாம். மற்றவர்களிடம் நான் மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன், வாங்காதீர்கள். அதே தீவுகளைச் சேர்ந்த கார்கொயில் கெக்கோவுக்கும் இதே பதில்தான்.

இகுவானாக் குட்டி பச்சைப் பசேலென்று அழகாக இருக்கிறது. நம்மூர் வெப்பமும் அதற்கு ஒத்துவருமாமே?

வெப்பம் ஒத்துவரும். தொட்டி ஒத்துவராது. கையளவு இருக்கும் குட்டி மூன்று நான்கு ஆண்டுகளில் ஒன்றரை மீட்டரை எட்டும். ஆண் அதற்கு மேலும் வளரும். பிறகு அதற்கு ஒரு அலமாரி போதாது, ஒரு சிறு அறையே வேண்டும். வாலால் அடித்தால் தோலில் தழும்பு விழும்.

ஓர் அறையை ஒதுக்க முடிகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது முழுச் சைவம். முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூவும் இலையும், பூசணி, அவரை ஆகியவை நம் கொல்லையிலேயே கிடைக்கும். பாலக் கீரையை அடிக்கடி கொடுக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. கண்ணாடியில் வெள்ளைப் பொடி தெறித்திருந்தால் சளி என்று பயப்படாதீர்கள். மிகுந்த உப்பை இகுவானா மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றும். உலர்ந்த அந்த உப்புதான் அது.

வெளிநாட்டுப் பச்சோந்தி?

ஏமன் நாட்டின் வெயில்ட் கமீலியனைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்கு மூடிய கண்ணாடி வேண்டாம். நாற்புறமும் வலையடித்த, 60க்கு 60க்கு 120 செ.மீ. கூண்டு வேண்டும். கிண்ணத் தண்ணீரைக் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைப் பார்த்தால்தான் குடிக்கும். ஆகவே நாள்தோறும் நீண்ட நேரம் தெளிக்க வேண்டும். பெண், ஆணில்லாமலேயே டஜன் கணக்கில் முட்டையிடும். தோண்டுவதற்கு ஈர மண் இல்லையென்றால் முட்டை வயிற்றிலேயே தங்கி இறந்துவிடும். இரவில் வெப்பம் நன்றாக இறங்குவதை விரும்பும் பிராணி இது. நம் வைகாசி இரவுகள் இறங்குவதே இல்லை. நான்கைந்து ஆண்டு வேறு பல்லி வளர்த்துப் பழகியவர்கள் யோசிக்கலாம்.

அப்படியானால் எதைத்தான் வளர்ப்பது?

கரையோரமோ உள்நாடோ, கீழ்த்தள அறையில் 32 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் என் முதல் தேர்வு மடகாஸ்கரின் பெரிய பகல் பல்லி. ஆங்கிலப் பெயரில் ஜயன்ட் டே கெக்கோ. 25 முதல் 30 செ.மீ. நீளம், வாழை இலைப் பச்சை, முதுகில் செம்புள்ளிகள். பகலில் விழித்திருக்கும் என்பதால் அது வாழ்வதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். காற்றில் ஈரமும் 26 முதல் 30 டிகிரி வெப்பமும் அதற்குப் பிடிக்கும். வெயில் காயும் கிளையில் 32, 33 இருக்கலாம். மூங்கில் என்றால் உயிர். காவிரிக் கரை மூங்கிலைக் கணு விட்டு வெட்டி நேராக நிறுத்தினால் அதன் குழலுக்குள்தான் தூங்கும்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைக் கையில் எடுக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் தோல் அப்படியே உரிந்து வந்துவிடும், தப்பிப்பதற்கு இயற்கை கொடுத்த வழி அது. பார்த்து மகிழ்கிறவர்களுக்கான பல்லி.

இரண்டாவது தேர்வு கிரீன் அனோல். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. ஒரு சாண் நீளம்கூட வராது, பெரும்பகுதி வால். பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும். ஆண் தொண்டையடியில் இளஞ்சிவப்பு விசிறி ஒன்றை விரித்து மடக்கிக் காட்டும். 45, 45, 60 தொட்டி ஒன்றுக்குப் போதும். ஆயுள் நான்கைந்து ஆண்டு என்பதால் முதன்முதலாகப் பொறுப்பெடுக்கும் வீட்டுக்கு அது ஒரு வகையில் நல்லதுதான்.

டோக்கே கெக்கோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் வடகிழக்குக் காடுகளிலிருந்து மருந்து என்ற பொய்யை நம்பிக் கடத்தப்படும் பிராணி; 2019இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

வாங்கும்போது என்ன ஆவணம் கேட்க வேண்டும்?

சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பகல் பல்லி, இகுவானா, வெயில்ட் கமீலியன் மூன்றும் அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. நம் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இந்த உடன்படிக்கைக்குட்பட்ட உயிரினங்களுக்கென்று நான்காம் அட்டவணை சேர்க்கப்பட்டது. 2024இல் வந்த விதிகளின்படி, அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்றையும், உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தையும் கேளுங்கள். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று பதில் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். காகிதம் இல்லாத பல்லி பெரும்பாலும் ஒரு காட்டிலிருந்து வந்தது. கூண்டிலேயே பிறந்ததா என்று அழுத்திக் கேளுங்கள்.

தொட்டியை இங்கேயே செய்துகொள்ள முடியுமா?

தாராளமாக. மீன் தொட்டி ஒட்டுபவரிடம் முன்பக்கக் கதவோடு செய்யச் சொல்லுங்கள். மேலிருந்து கை நீண்டால் பல்லிக்குக் கழுகு பாய்வது போலத் தெரியும். மேல்பகுதி முழுவதும் வலை, முன்பக்கம் கதவுக்குக் கீழே ஒரு நீளக் காற்றுப்பட்டை. சூடான காற்று மேலே போகப் போக, கீழிருந்து புதுக் காற்று தானாக உள்ளே வரும். நைலான் கொசுவலை வேண்டாம், இரைப்பூச்சிகள் கடித்துத் துளைத்துவிடும். ஜன்னல் செய்யும் அலுமினியக் கடையில் உலோக வலை கிடைக்கும்.

தரைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவைப்போலச் சிறந்த பொருள் இல்லை. உப்பு போக மூன்று நான்கு தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். அதற்கடியில் இரண்டு விரற்கடை கூழாங்கல். கிளைக்குக் கொய்யா, வழுவழுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அரளி, எருக்கு இரண்டும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது, நஞ்சு.

ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே, விளக்கு எதற்கு?

எலும்பு வலுவாக வேண்டுமென்றால் புற ஊதா பி கதிர் தோலில் பட வேண்டும்; அப்போதுதான் வைட்டமின் டி3 உருவாகும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். நேர் வெயில் பட்ட கண்ணாடித் தொட்டி அரை மணி நேரத்தில் அடுப்பாகும். ஆகவே ஜன்னலோரம் நன்மை ஒன்றுமில்லை, தீமை நிச்சயம். டி5 வகைப் புற ஊதாக் குழல்விளக்கு, புற ஊதா பி 5 அல்லது 6 சதவீதம் என்று குறித்திருப்பது, வலைக்கு மேல் போதும். நாளுக்கு 12 மணி நேரம். எரிந்துகொண்டே இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள், வெளிச்சம் குறையும் முன்பே கதிர் குறைந்துவிடும்.

வயலில் வெட்டுக்கிளி நிறைய இருக்கிறதே, இரைக்குப் பயன்படுத்தலாமா?

குறுவைக்கும் சம்பாவுக்கும் மருந்தடிக்காத வயல் எது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் வேண்டாம். மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒன்று தின்றே செத்த பல்லிகள் உண்டு.

வளர்ப்புக் கிரிக்கெட் பூச்சி, பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற கருப்பு ஈயின் புழு ஆகியவை நல்லவை. பல்லியின் இரண்டு கண்ணுக்கிடையே உள்ள தூரத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. கொடுப்பதற்கு முந்தின நாள் பூச்சிக்குக் கேரட்டும் முருங்கைக்கீரையும் போட்டு வயிறு நிரப்புங்கள். பிறகு கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். பகல் பல்லிக்கு வாரம் இரண்டு முறை பழப்பொடிக் கூழ்.

போர் தண்ணீரைத் தெளிக்கலாமா?

கரையோர ஊர்களில் கூடாது. உப்புப் படிந்து கண்ணாடி வெளுக்கும், இலையில் நக்கிக் குடிக்கும் பல்லிக்கும் கேடு. ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைநீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது தெளிப்பதைப் பாதியாகக் குறையுங்கள். தொட்டி நாள் முழுவதும் நசநசவென்று இருந்தால் நுரையீரலில் நோய் வரும்.

கொசுவும் எறும்பும் இல்லாத வீடு டெல்டாவில் உண்டா?

இல்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கொசுவத்திச் சுருள், செருகும் திரவம், ஸ்பிரே, எறும்பு சாக்பீஸ் இவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. ஊர்வனவற்றின் நரம்பை அது தாக்கும். பல்லி இருக்கும் அறையில் கொசுவலை மட்டும். எறும்புக்கு நம் பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்ததையே செய்யுங்கள்: மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கிண்ணத்தில் கொசு முட்டையிடாமல் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

மின்சாரம் போனால்?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதக் குளிர்ச்சியில் பல்லி ஒரு வாரம் விளக்கில்லாமல் தாங்கும். கையால் தண்ணீர் தெளித்தால் போதும். கோடையில் அப்படியில்லை. பிரீசரில் எப்போதும் இரண்டு பாட்டில் தண்ணீரை உறையவைத்திருங்கள். துண்டில் சுற்றி வலைக்கு மேல் ஒரு மூலையில் வையுங்கள், குளிர்ந்த காற்று கீழிறங்கும். அறை ஜன்னலில் ஈரத் துணியோ வெட்டிவேர்த் தட்டியோ. வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறி.

வீட்டில் பெரியவர்கள் பல்லி சகுனம் என்கிறார்கள். குழந்தைகளும் இருக்கிறார்கள்.

பெரியவர்களின் மனம் ஒப்பாமல் வாங்க வேண்டாம். நீங்கள் வெளியூர் போகும் நாளில் தண்ணீர் தெளிக்கப்போவது அவர்கள்தான்.

குழந்தைகள் விஷயத்தில் கவலை சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. நலமான பல்லியின் கழிவிலும் இருக்கும். தொட்டியைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் கிண்ணங்களைக் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் சில ஆண்டு காத்திருங்கள்.

இரண்டாக வளர்த்தால் துணையாக இருக்குமா?

இருக்காது. இரண்டு ஆண் என்றால் சண்டை. ஆணும் பெண்ணும் என்றால் ஓயாத முட்டை. ஒன்று போதும்.

நோய் வந்தால் எங்கே போவது?

பல்லி வாங்கும் முன்பே மருத்துவரைத் தேடி வையுங்கள். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும் ஊர்வன பார்த்துப் பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தாடை மென்மையாவது, கால் நடுங்குவது, வால் வளைவது ஆகியவை எலும்புத் தேய்வின் அறிகுறிகள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

வளர்க்க முடியவில்லை என்றால் வாய்க்கால் பக்கம் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. ஃபுளோரிடாவில் வீட்டிலிருந்து வெளியேறிய இகுவானாக்கள் இன்று கால்வாய்க் கரைகளைத் தோண்டிக் குலைக்கின்றன. கரையை நம்பி உழவு செய்யும் மண் நம்முடையது. பொறுப்பானவரிடம் ஆவணத்தோடு ஒப்படையுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். தொட்டியின் மூன்று பக்கங்களைச் செய்தித்தாளால் மறையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், இரையை வைத்துவிட்டு நகருங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். என் பகல் பல்லி மூங்கில் குழலை விட்டு நான்காம் நாள்தான் வெளியே வந்தது. தெளித்து ஐந்து நிமிடம் இருக்கும். தலைகீழாக இறங்கி, இலை நுனியில் நின்ற துளியைச் சிறு நாக்கால் மூன்று முறை எடுத்தது; பிறகு அதே நாக்கால், இமையில்லாத தன் கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டது. அன்று மாலைதான் முதல் பூச்சியைத் தின்றது.